பிக்காவும் ஆறுமணிக்குருவியும்



இன்றைக்கு இரண்டு சின்னச் சீவன்களைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். ஒன்று, கனடாவின் மேற்கே றொக்கி மலைத்தொடரில் கற்குவியல்களுக்கு இடையே வாழ்கிற பிக்கா. மற்றது, எங்கள் ஊர் வளவுகளில் மாரி காலத்தில் வந்து நிற்கிற ஆறுமணிக்குருவி. ஒன்று மிருகம், மற்றது பறவை. ஒன்று குளிர்மலை, மற்றது வெயில் நாடு. இவற்றை ஏன் சேர்த்துக் கட்டுகிறாய் என்று கேட்பீர்கள். கட்டியது நான் இல்லை, பள்ளிக்கூடம்.

என் பேத்தி ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். வகுப்பில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். மலையில் வாழும் சிறிய பாலூட்டி ஒன்றையும், வெப்ப நாட்டு வண்ணப் பறவை ஒன்றையும் எடுத்து ஒப்பிட வேண்டும். எடை, உணவு, எதிரி, வீடு, குளிர்காலத்தில் என்ன செய்கிறது என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். மற்றப் பிள்ளைகள் பெரும்பாலும் கிளிகளை எடுத்தார்களாம். அதற்கு முதல் மாதம் வகுப்போடு பயோடோமுக்குப் போய் வந்திருந்தார்கள். 1976 ஒலிம்பிக்குக்குக் கட்டிய சைக்கிள் ஓட்டக் கூடத்தை 1992இல் மாற்றி அமைத்த இடம் அது. வெளியே பனி கொட்டும்போதும் உள்ளே தென்னமெரிக்க மழைக்காடு வியர்த்துக்கொண்டு நிற்கும். எங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கிளி வேண்டாம். "அம்மம்மா, உங்கடை ஊர்க் குருவி ஒண்டு சொல்லுங்கோ" என்று வந்து நின்றாள். எனக்கு முதலில் வாயில் வந்த பெயர் ஆறுமணிக்குருவி.

மலை மிருகமாக அவள் பிக்காவைத்தான் முதலே எடுத்து வைத்திருந்தாள். காரணம் நேயர்களின் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும்: பிக்காச்சு. அந்தப் பொம்மையின் பெயர், யப்பான் மொழியில் பளிச்சென்று மின்னுவதையும் எலி கீச்சிடுவதையும் குறிக்கிற இரண்டு ஒலிகளைச் சேர்த்து வைத்தது. இந்த மிருகத்துக்கும் அதற்கும் உறவு கிடையாது. சொல்லிப் பார்த்தேன், பிள்ளை நம்பவில்லை.

பெயர்களைத் தேடப் போனதில் எனக்கு ஒரு சந்தோசம் கிடைத்தது. ஆறுமணிக்குருவியை ஆங்கிலத்தில் இந்தியன் பிட்டா என்கிறார்கள். பிட்டா என்றதும் பேத்தி பிட்டையும் சம்பலையும் நினைத்துச் சிரித்தாள். ஆனால் அது தெலுங்குச் சொல். தெலுங்கில் பிட்ட என்றால் சின்னக் குருவி. எங்கள் அயல்மொழிச் சொல் உலகம் முழுவதும் அந்தப் பறவைக் குடும்பத்துக்கே பெயராகிவிட்டது. பிக்காவோ சைபீரியாவில் வாழும் துங்கூஸ் மக்களின் சொல் என்று அகராதிகள் சொல்கின்றன. றொக்கி மலைப் பிக்காவை 1828இல் நூலில் பதிந்தவர் ஜோன் றிச்சட்சன். இன்றைய ஜாஸ்பர் தேசியப் பூங்கா இருக்கும் பக்கம், அதபாஸ்கா கணவாயை அண்டிய இடத்து மிருகம் அது. முதற்குடி மக்கள் அதைச் சின்னத் தலைவன் முயல் என்று சொல்லிவந்ததையொட்டியே அதன் இலத்தீன் பெயரில் 'தலைவன்' என்ற பொருள் ஏறியது. பிரெஞ்சில் பிள்ளைகள் வெறும் பிக்கா என்று கணினியில் தேடினால் கறுப்பு வெள்ளைப் பறவை ஒன்றும் வந்து நிற்கும். இலத்தீனில் பிக்கா என்றால் அந்தப் பறவைதான். வீட்டுப்பாடம் பார்த்துக்கொடுக்கும் பெற்றோர் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இனி ஆட்களைப் பார்ப்போம். பிக்கா பார்வைக்கு ஒரு குண்டு எலி. ஆனால் எலி இனம் இல்லை, முயலின் சொந்தம். நீளம் ஒரு சாண் வரும், எடை 150 கிராம் அளவு. காது வட்டம். வால் வெளியே தெரியாது. ஆறுமணிக்குருவியின் எடை அதில் மூன்றில் ஒரு பங்கு, 50, 60 கிராம். அதற்கும் வால் பெயரளவுக்குத்தான். இலத்தீனில் கட்டைவால் என்றே பெயர். 1766இல் லின்னேயஸ் அதற்குப் பெயர் வைத்தபோது காக இனத்தோடு சேர்த்துவிட்டார்! காகத்துக்கும் அதற்கும் நிறத்தில் என்ன பொருத்தம்? முதுகு பச்சை, சிறகில் நீலம், நெஞ்சு சந்தனம், வாலடி குங்குமச் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்பு மை. வட இந்தியாவில் அதை நவரங் என்கிறார்கள், ஒன்பது நிறம். தமிழ்நாட்டில் பொன்னுத்தொட்டான், தோட்டக்கள்ளன் என்றும் சொல்வதுண்டு. இவ்வளவு நிறத்தையும் வைத்துக்கொண்டு மரத்தடியில், சருகுக்குள் நடந்து திரியும். சருகைப் புரட்டிப் புழுவும் பூச்சியும் பொறுக்கும். ஆகவே கண்ணில் படுவது குறைவு. காதில்தான் விழும். விடியற்காலையிலும் பின்னேரம் இருட்டுகிற நேரத்திலும், கழுத்தைப் பின்னே எறிந்து, சொண்டை மேலே நிமிர்த்தி, இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை. பக்கத்து வளவில் நிற்கும் மற்றது பதில் கொடுக்கும். ஆறு மணிக்குக் கூப்பிடுவதால் ஆறுமணிக்குருவி. வீட்டில் மணிக்கூடு இல்லாத காலத்தில் வைத்த பெயராக இருக்க வேண்டும்.

என் தகப்பனார் றெயில்வேயில் இருந்தவர், மதவாச்சியில் கனகாலம் வேலை செய்தார். அங்கே சிங்களச் சனம் இந்தக் குருவிக்கு ஒரு கதை சொல்வார்கள் என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். இந்தக் குருவியின் அழகான உடுப்பை மயில் களவெடுத்துக்கொண்டு போய்விட்டதாம். அதுதான் குருவி காலையும் மாலையும் 'என் உடுப்பு, என் உடுப்பு' என்று கத்தி, ராசா வரட்டும் முறையிடுகிறேன் என்று நிற்கிறதாம். வீடு வளவு, உறுதி, நகைநட்டு எல்லாம் விட்டுவிட்டு வந்து, எந்த ராசாவிடம் முறையிடுவது என்று தெரியாமல் இருக்கிறவர்களுக்கு அந்தச் சீழ்க்கை நன்றாக விளங்கும்.

இப்போது குளிர்காலக் கட்டத்துக்கு வருகிறேன். இந்த ஒப்பீட்டில் சாரம் உள்ள இடம் அதுதான்.

மலையில் குளிர்காலம் வந்தால் மிருகங்களுக்குப் பொதுவாக இரண்டு வழி: கீழே இறங்குவது, அல்லது நித்திரை கொள்வது. பிக்கா இரண்டும் செய்யாது. இருந்த இடத்திலேயே, கல்லுக்குள், முழிப்போடு இருக்கும். அதற்காகக் கோடை முழுக்க உழைக்கும். கற்குவியலின் ஓரத்தில் இருக்கும் புல்லையும் பூவையும் வெட்டி, வாய் நிறையக் கவ்விக்கொண்டு, ஓடிவந்து ஒரு பெரிய கல்லின் அடியில் வைக்கும். திரும்ப ஓடும். ஒரு கோடையில் ஆயிரக்கணக்கான நடை. சேர்ந்தது ஒரு வைக்கோல் போராகக் காயும். ஒவ்வொரு பிக்காவுக்கும் தனி எல்லை, தனிப் போர். அடுத்த வீட்டுக்காரன் களவெடுப்பதும் உண்டு; ஆகவே கல்லின் மேல் ஏறி நின்று 'ஈக்' என்று கத்தி எச்சரிக்கும். பனி கொட்டியபின் அந்தப் பனியே அதற்குப் போர்வை. மேலே காற்றில் -30 பாகை என்றாலும், தடித்த பனிக்குக் கீழே கல்லிடுக்கில் குளிர் பூச்சியத்தை அண்டித்தான் நிற்கும்.

இதிலே என்னைப் பிடித்து நிறுத்தியது இன்னொரு விசயம். 1990களில் டெனிஸ் டியரிங் என்ற ஆய்வாளர் கொலராடோ மலைகளில் பிக்காக்களைக் கவனித்தார். அவை சுடச்சுடத் தின்கிற செடி வேறு, சேர்த்து வைக்கிற செடி வேறாக இருந்தது. சேர்த்த செடியில் ஒருவகைக் கசப்புச் சத்து அதிகம். பச்சையாகத் தின்றால் வயிற்றுக்கு ஆகாது. ஆனால் அந்தக் கசப்புத்தான் போர் பழுதாகாமல் காக்கிறது. மாதக்கணக்கில் கிடக்கக் கிடக்கக் கசப்பு இறங்கிவிடும், மாரி நடுவில் தின்னலாம். இதைப் பேத்திக்கு வாசித்துக்காட்டியபோது எனக்கு ஒடியல் நினைவு வந்தது. பனங்கிழங்கைக் கிழித்து வெயிலில் காயவைத்து, இடித்து மாவாக்கி, அந்த மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த தண்ணீரை ஊற்றி, திரும்ப ஊறவிட்டு, கசப்பு போனபின்தானே கூழுக்குக் கரைக்கிறோம். எங்கள் பாட்டிமார் கண்டுபிடித்த வேலையை 150 கிராம் மிருகமும் தன் வழியில் செய்துகொண்டிருக்கிறது. இங்கே கடையில் வாங்கிய மாவிலே கூழ் காய்ச்சுகிற இளம் பெண்களுக்கும் சொல்லிவைக்கிறேன்: ஊறவிடாமல் கரைக்காதேயுங்கோ.

ஆறுமணிக்குருவி போர் கட்டாது. அது ஈரமண்ணைத் தேடிப் போகும். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவின் காடுகளிலும் தென்மேல் பருவமழைக் காலத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். அங்கே மழை முடிந்து மண் காயத் தொடங்க, தெற்கே புறப்படும். தமிழ்நாடு, கேரளம், இலங்கை. எங்கள் பக்கம் மாரி தொடங்குகிற புரட்டாதி, ஐப்பசியில் வந்து சேரும். மண் இளகி, புழு மேலே வருகிற நேரம். பங்குனி, சித்திரை மட்டும் நின்றுவிட்டுத் திரும்பிப் போகும். பறந்து பழக்கமுள்ள பறவை மாதிரி அது தெரியாது; கட்டைவாலும் குட்டைச் சிறகும். வந்து சேர்கிற நாட்களில் களைத்துப்போய் முற்றத்தில் விழுந்து கிடக்கும். வீட்டுக்குள்ளே புகுந்ததும் உண்டு.

இந்த இரண்டு இனமும் உலகத்தில் ஒரே மலையை அண்டி வாழ்கிற இடமும் இருக்கிறது. பிக்காவில் ஏறக்குறைய 30 வகை; பெரும்பாலானவை ஆசியாவில். இமயத்தில் 6,000 மீற்றருக்கு மேலேயும் ஒரு வகை பிக்கா வாழ்கிறது. அதே இமயத்தின் அடிவாரத்தில்தான் எங்கள் குருவி கூடு கட்டுகிறது. வட அமெரிக்காவில் பிக்கா இரண்டே வகை. அவற்றின் முன்னோர், கடல் வற்றி அலாஸ்காவும் சைபீரியாவும் தரையாய் ஒட்டியிருந்த காலத்தில் ஆசியாவிலிருந்து நடந்து வந்தவை. றொக்கி மலையின் மண்ணின் மைந்தன் என்று பார்த்தால், அதன் பூட்டனும் ஆசியாக்காரன்தான்!

தாளில் 'வீடு' என்று ஒரு கட்டம் இருந்தது. ஒரே ஒரு வரி. பிக்காவுக்குப் பேத்தி உடனே எழுதிவிட்டாள், கற்குவியல் என்று. குருவியிடம் வந்து நின்றுவிட்டாள். "அம்மம்மா, இது பிறக்கிறது இந்தியாவிலை. பிறகேன் உங்கடை குருவி எண்டு சொல்லுறியள்? இதுக்கு எது சொந்த ஊர்?"

"வருசத்திலை ஆறேழு மாசம் எங்கடை வளவிலைதான் பிள்ளை நிக்கும்" என்றேன்.

"அப்ப நீங்கள் இஞ்சை முப்பது வருசம் நிக்கிறியளே?"

நான் அடுப்பைப் பார்க்க எழும்பிவிட்டேன். அவள் அந்த ஒரு வரிக்குள் இரண்டு இடத்தையும் எழுதி, நடுவில் இருபக்கமும் முனை வைத்த அம்புக்குறி ஒன்று போட்டாள். ஆசிரியர் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தாராம். பிள்ளை எழும்பி விளக்கம் சொன்னதும் அதை அழித்துவிட்டாராம்.

எங்கள் மேடைகளிலும் மலர்களிலும் எங்களைப் புலம்பெயர்ந்த பறவைகள் என்று சொல்கிற வழக்கம் ஒன்று உண்டு. கேட்க அழகாக இருக்கும். எனக்கு அது ஒத்துவருவதில்லை. காரணம் சொல்கிறேன்.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியபின், மன்னார்க் கரையிலிருந்து இரவோடு இரவாகப் படகில் ஏறியவர்களில் நாங்களும் ஒரு குடும்பம். இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் எத்தனையோ பேர் அந்தக் கடலைக் கண்டவர்கள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 30 கிலோமீற்றர் அளவுதான். அந்த ஐப்பசியில் மண்டபம் முகாமில் இருந்தோம். ஒருநாள் விடியப்புறம், தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போது, பக்கத்து உடைமரப் பற்றையிலிருந்து அந்த இரண்டு சுரம் கேட்டது. வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். ஒருத்தரும் ஒன்றும் பேசவில்லை. அது தெற்கே போகிற வழியில் இளைப்பாற இறங்கியிருக்கும். ஓரிரண்டு இரவில் கடலைத் தாண்டி எங்கள் வளவில் போய் இறங்கும். நாங்கள் அந்தப் பக்கத்திலிருந்து வந்துவிட்டோம், அது அந்தப் பக்கம் போகிறது. அடுத்தநாள் காலை அது கூப்பிடவில்லை.

பறவை புறப்படுகிற நாளும் திரும்புகிற நாளும் அதன் உடம்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒருவரும் துரத்தி அது போவதில்லை. போன இடத்தில் பத்திரம் கேட்பாரும் இல்லை. திரும்பிப் போகும்போது அந்த மரம் நிற்குமா என்பது ஒன்றுதான் அதற்குப் பயம். எங்களுடைய கதை வேறு. என்னைக் கேட்டால், எங்களுக்கு ஒப்பு பிக்காவின் குட்டிதான். பிக்காக் குட்டி வளர்ந்த அந்தக் கோடையிலேயே தாயின் எல்லையை விட்டு வெளிக்கிட வேண்டும். நல்ல கற்குவியல் எல்லாவற்றிலும் ஏற்கெனவே ஆள் இருக்கும். ஒவ்வொன்றும் 'ஈக்' என்று கத்தித் துரத்தும். எங்காவது ஒரு கிழடு செத்து இடம் காலியானால் அதற்குள் புகுந்து, குளிர் வருமுன் இருக்கிற கொஞ்ச நாட்களுக்குள் ஒரு போர் சேர்த்தாக வேண்டும். கோட்-டே-நேஜிலும் பார்க் எக்ஸ்ரென்சனிலும் ஒற்றை அறையில் ஆறு பேர் கிடந்து, முதல் மாரிக்கு முன் சப்பாத்தும் கோட்டும் தேடி ஓடியவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இனி, இவை இரண்டும் இன்றைக்கு எப்படி இருக்கின்றன? குருவி இப்போதைக்கு அழியும் பட்டியலில் இல்லை. அதற்கு வேண்டியது இரண்டு முனையிலும் நிழலும் சருகும். வளவைக் கூட்டி வெளியாக்கி சீமெந்து போட்டால் அது வராது. ஊரில் புதுவீடு கட்டுகிற எங்கள் ஆட்கள் முற்றம் முழுக்கக் கல் பதிக்கிறதைப் பார்க்கிறபோது எனக்கு இதுதான் கவலை.

பிக்காவின் பாடு வேறு மாதிரி. குளிரைத் தாங்கவென்றே அமைந்த உடம்பு. சூட்டுக்கு அதில் இடமே இல்லை. அதன் சாதாரண உடம்புச் சூடு 40 பாகையை அண்டி இருக்கும், இன்னும் மூன்று பாகை ஏறினால் உயிர் போய்விடும். நிழலுக்குள் ஒதுங்க விடாமல் வெளியே வைத்தால் 25, 26 பாகை வெயிலே சில மணி நேரத்தில் அதைக் கொன்றுவிடும். யூலை மாதம் மொன்றியலில் மூன்றாம் மாடியில் இருக்கிறவர்கள் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். மலையடி சூடாக ஆக, அது மேலே ஏற வேண்டும். உச்சிக்கு வந்தபின் ஏற இடமில்லை. அடுத்த மலைக்குப் போக வேண்டுமானால் நடுவில் இருக்கும் வெயில் பள்ளத்தாக்கைக் கடக்க வேண்டும். குட்டிகளால் அது முடியாது. அமெரிக்காவின் கிரேட் பேசின் பகுதியில், முன்னர் பிக்கா இருந்ததாகப் பதிவான 25 இடங்களை எரிக் பீவர் என்ற ஆய்வாளர் 1990களில் திரும்பப் போய்ப் பார்த்தார். பல இடங்களில் பழைய வைக்கோலும் புழுக்கையும் கிடந்ததே தவிர ஆளைக் காணவில்லை. பனி குறைந்தாலும் அதற்குக் கேடுதான், போர்வை இல்லாமல் குளிரில் விறைத்துப் போகும்.

எல்லாரும் ஒரே குரலில் சாவுப்பாட்டுப் பாடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2010இல் அமெரிக்க அரசு, அழியும் இனப் பட்டியலில் அதைச் சேர்க்கத் தேவையில்லை என்று முடிவெடுத்தது. ஓரிகனில் கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்துக்குக் கிட்டவே பிக்கா பாசியைத் தின்றுகொண்டு வாழ்கிறது. கலிபோர்னியாவில் போடி என்ற கைவிடப்பட்ட பொன்சுரங்க ஊரில், மனிதர் தோண்டிக் கொட்டிவிட்டுப் போன கற்குவியலுக்குள் குடியிருக்கிறது. மேலே வெயில் எரித்தாலும் கல்லுக்குள்ளே குளிர் தங்குகிறது. மத்தியானத்தில் உள்ளே ஒதுங்கி, காலையும் மாலையும் வேலை பார்க்கிறது. அதாவது, ஆறுமணிக்குருவியின் நேரத்துக்கு வந்துவிட்டது.

கேட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்கு இரண்டு தகவல். மேற்கே சுற்றுலா போகிறவர்கள் பான்வ் பூங்காவில் மொறெயின் ஏரிக்குப் போனால், ஏரித்தலைப்பில் இருக்கிற கற்குவியலில் பிக்காவைக் காணலாம். 80களில் வந்தவர்களுக்கு அந்த இடம் புதிதில்லை: அந்தக் காலத்து 20 டொலர் நோட்டின் பின்பக்கம் இருந்த ஏரியும் மலைகளும் அதுதான். 2023 முதல் சொந்தக் காரில் அங்கே போக விடமாட்டார்கள், பஸ்ஸுக்கு முன்கூட்டியே பதிய வேண்டும். ஊருக்குப் போகிறவர்கள் ஐப்பசிக்கும் பங்குனிக்கும் இடையில் போனால், விடிய ஆறு மணிக்கு எழும்பிப் படலையடியில் நின்று காது கொடுங்கள். பிள்ளைகளையும் எழுப்புங்கள், போனை உள்ளே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். பிக்காவைக் காண்கிறவர்கள் கச்சான், பிஸ்கற் ஒன்றும் எறிய வேண்டாம். தேசியப் பூங்காவில் அது குற்றம். அதோடு, தனக்கு வேண்டியதை அது காயப்போட்டுத்தான் வைத்திருக்கும்.